வடசென்னை மணலுக்கு எந்த உரம்? மட்கு சேரும் விதத்தை வைத்து ஓர் ஒப்பீடு

திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் கடலை ஒட்டி ஒரு வீடு. வியாசர்பாடி, கொடுங்கையூர் பக்கம் வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் காலி இடம். பெரம்பூரில் ஒரு மொட்டை மாடி. மூன்று இடத்திலும் செடி வைப்பவர்கள் கடையில் போய்க் கேட்பது ஒன்றேதான்: மண்புழு உரமா, மாட்டு எருவா, தென்னை நார்க்கழிவா, பாட்டிலில் வரும் ஹியூமிக் அமிலமா, எதை வாங்கினால் மண் நல்லதாகும்? மூட்டையில் அச்சிட்டிருக்கும் தழைச்சத்து, மணிச்சத்து அளவை வைத்து இதற்குப் பதில் சொல்ல முடியாது. செடிக்கு இந்த மாதத்துச் சாப்பாட்டை எந்த உரமும் போடும். மண்ணில் மட்கு, அதாவது ஹியூமஸ், சேர்ந்து நிற்குமா என்பதைத்தான் நான் இங்கே பார்க்கிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கடலோர மணலில் செடி வளர்ப்பவர் எந்த உரத்துக்கும் முன்னால் தேட வேண்டியது களிமண். ஏன் என்று விளங்க வேண்டுமானால் மட்கு எப்படி உண்டாகிறது என்று கொஞ்சம் பார்த்தாக வேண்டும்.

மட்கு எங்கே இருக்கிறது?

1786-இல் ஃபிரான்ஸ் கார்ல் அஷார்ட் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் சதுப்பு நிலத்துக் கரிமண்ணைக் காரக் கரைசலில் ஊற வைத்தார். கருப்பான கரைசல் கிடைத்தது. அதில் அமிலத்தை ஊற்றியதும் கருப்புக் கசடு அடியில் தங்கியது. பிற்பாடு அந்தக் கசடுக்கு ஹியூமிக் அமிலம் என்றும், காரம் அமிலம் இரண்டிலும் கரைந்து நிற்பதற்கு ஃபுல்விக் அமிலம் என்றும், எதிலும் கரையாமல் மண்ணோடு நின்றுவிடுவதற்கு ஹியூமின் என்றும் பெயர் வந்தது. 1930-களில் செல்மன் வாக்ஸ்மன், பின்னாளில் ஸ்ட்ரெப்டோமைசினுக்காக நோபல் பரிசு பெற்றவர், மரப்பொருளான லிக்னினும் நுண்ணுயிர்ப் புரதமும் சேர்ந்தே மட்கு உண்டாகிறது என்று விளக்கினார். லிக்னின் அதிகமுள்ள பொருளைப் போட்டால் மட்கு அதிகம் சேரும் என்று இன்றைக்கும் பலர் சொல்வது அந்தக் காலத்துப் பாடத்திலிருந்து வந்ததுதான்.

2015-இல் யோஹன்னஸ் லேமன், மார்கஸ் கிளேபர் என்ற மண் ஆய்வாளர்கள் இருவரும் ‘நேச்சர்’ இதழில் இதை நேருக்கு நேர் மறுத்தார்கள். மட்கைப் பிரித்தெடுக்கும் காரக் கரைசலின் பி.ஹெச்., அதாவது அமில-கார அளவு, ஏறத்தாழ 13 (7 என்றால் நடுநிலை). எந்த வயலிலும் எந்தத் தோட்டத்திலும் அப்படி ஒரு நிலை வராது. ஆகவே அந்தப் பாத்திரத்தில் கிடைப்பது மண்ணில் இருக்கும் பொருள்தான் என்று எடுத்துக்கொள்ள முடியாது. நுண்ணுயிரால் கடிக்க முடியாத ராட்சத மூலக்கூறுகள் மண்ணுக்குள் உருவாவதற்கு நேரடிச் சான்றும் இல்லை என்றார்கள். எல்லா மண் வேதியியலாளர்களும் இதை ஏற்றுக்கொண்டுவிடவில்லை, விவாதம் நடந்துகொண்டுதான் இருக்கிறது. ஆனால் தோட்டக்காரருக்கு வேண்டிய பகுதி இப்போது நன்றாகவே தெளிந்துவிட்டது என்பது என் எண்ணம்.

நடப்பது இதுதான். இலையோ எருவோ மண்ணில் விழுந்ததும் நுண்ணுயிர்கள் அதைத் துண்டு துண்டாக்குகின்றன. எளிதில் செரிக்கும் பொருளில் உள்ள கார்பனில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அவற்றின் உடலாகிறது. மீதி கரியமில வாயுவாகக் காற்றுக்குப் போகிறது. பாக்டீரியாவும் பூஞ்சையும் சாகும்போது அவற்றின் செல் சுவரும் புரதமும் மண்ணில் கிடக்கின்றன. இவை உறுதியான பொருள்கள் அல்ல. தனியாக விட்டால் நாட்கணக்கில் தின்று தீர்க்கப்படும். ஆனால் சிதையச் சிதைய ஆக்சிஜன் ஏறி, கார்பாக்சில் என்னும் அமிலத் தொகுதிகள் கூடி, அவை களிமண் துகளின் மேல் ஒட்டிக்கொள்ளத் தோதாகின்றன. களிமத்தின், அதாவது களிமண்ணின் நுண்துகளின், மேற்பரப்பிலும் எதிர் மின்னூட்டம், கார்பாக்சிலிலும் எதிர் மின்னூட்டம். நடுவில் இரட்டை நேர் மின்னூட்டம் கொண்ட கால்சியம் வந்து இரண்டையும் பிடித்துக்கொள்கிறது. செம்மண்ணில் இரும்பு ஆக்சைடு இருந்தால் கார்பாக்சில் நேரடியாகவே அதோடு பிணைகிறது. இப்படி ஒட்டியவற்றைச் சுற்றி இன்னும் களிமம் சேர்ந்து சின்னஞ்சிறு உருண்டைகள் உண்டாகின்றன. அந்த உருண்டைக்குள் இருக்கும் கார்பனை நுண்ணுயிரின் நொதி எட்டுவதில்லை. அது பத்தாண்டுகள், ஏன் நூற்றாண்டுகள்கூட நிற்கிறது.

அதாவது நீங்கள் போட்ட பொருள் எவ்வளவு ‘உறுதியானது’ என்பதைவிட, அது சிதைந்த பிறகு ஒட்டிக்கொள்ள இடம் இருக்கிறதா என்பதுதான் முக்கியம். ஒட்டாமல் நிற்கும் துண்டுகளும் மண்ணுக்கு நல்லதுதான், ஈரம் பிடிக்கும், மண்ணைத் தளர்த்தும். ஆனால் அவை செலவுக் கணக்கு, மாதாமாதம் கரையும்.

கடற்கரை மணலின் தனிப் பிரச்சினை

விரியும் தன்மையுள்ள களிமம் ஒரு கிராமின் மேற்பரப்பு 600 முதல் 800 சதுர மீட்டர். சென்னைக்காரருக்குச் சொல்வதானால், அந்த ஒரு கிராமுக்குள் ஏறத்தாழ மூன்று கிரவுண்டு இடம் மடிந்து கிடக்கிறது. எண்ணூர், காசிமேடு கரையோரத்து மணல் ஒரு கிராமில் ஒரு சதுர மீட்டர்கூடத் தேறாது. திருவொற்றியூரில் வருடா வருடம் மூட்டை மூட்டையாக எரு கொட்டியும் அடுத்த சித்திரையில் மண் பழையபடி வெளுத்துக் கிடப்பதற்கு இதுதான் முதல் காரணம்.

இரண்டாவது காரணம் வெயில். சூடு 10 டிகிரி ஏறினால் சிதைவு வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது பொதுவான கணக்கு. ஊட்டியின் ஆண்டுச் சராசரி வெப்பம் 15 டிகிரியை ஒட்டியது. சென்னையில் 28-ஐத் தாண்டும். ஊட்டியில் இரண்டு வருடம் நிற்கும் துண்டு இங்கே ஒரு வருடம்கூட நிற்பதில்லை. மூன்றாவது, ஐப்பசி கார்த்திகை மழை. மணலில் கரைந்த கார்பன் எல்லாம் அந்த இரண்டு மாதத்தில் கீழே இறங்கிவிடுகிறது.

இனி எடைக் கணக்கு. 100 சதுர அடி நிலத்தில் மேல் அரையடி மண்ணின் எடை சுமார் 2 டன். அதில் கரிமப் பொருளை 1 சதவீதம் கூட்ட 20 கிலோ வேண்டும், அதுவும் ஈரமில்லாமல், சிதையாமல் நின்றுவிட்ட பிறகு. எந்த உரத்தையும் இந்த 20 கிலோவின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

பாட்டிலும் நார்க்கழிவும்

ஹியூமிக் அமிலம் முதலில். நெய்வேலியில் கிடைப்பது போன்ற பழுப்பு நிலக்கரியிலிருந்தோ, அதன் காற்றுபட்டு மாறிய வகையிலிருந்தோ பொட்டாசியம் காரத்தால் பிரித்தெடுப்பது இது. 12 சதவீதக் கரைசல் ஒரு லிட்டரில் இருப்பது 120 கிராம். 20 கிலோவுக்கு 120 கிராம் எந்த மூலைக்கு? மண் மட்கைக் கூட்ட இதை வாங்குவதில் பொருளில்லை. இரும்பு, துத்தநாகம் போன்ற நுண்சத்துகளைப் பிடித்து வேருக்குத் தருவதிலும், சில பயிர்களில் வேரைத் தூண்டுவதிலும் பயன் தெரிகிறது. அந்தப் பயனும் பயிருக்குப் பயிர், மண்ணுக்கு மண் மாறுகிறது. ஏற்கெனவே மண்ணைச் சரி செய்தவர் கூடுதலாக வைத்துக்கொள்ளலாம்.

தென்னை நார்க்கழிவு இதைவிடச் சிக்கலான விஷயம், ஏனென்றால் அது உண்மையிலேயே நல்ல பொருள், தவறான வேலைக்கு வாங்கப்படுகிறது. தன் எடையைப் போல் ஐந்து மடங்குக்கு மேல் தண்ணீர் பிடிக்கும். மாடித் தொட்டிக்கு ஏற்ற இலேசான ஊடகம். ஆனால் மக்க வைக்காத பச்சை நார்க்கழிவில் கார்பன்-நைட்ரஜன் விகிதம் 112-க்கு 1, லிக்னின் சுமார் 30 சதவீதம். நுண்ணுயிருக்கு வசதியான விகிதம் 25-க்கு 1 சுற்றி. பச்சையாக நிலத்தில் கலந்தால் நுண்ணுயிர்கள் மண்ணில் இருக்கும் நைட்ரஜனையும் இழுத்துக்கொள்ளும், செடி மஞ்சளாகும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் இதற்கு ஒரு வழி சொல்கிறது: ஒரு டன் நார்க்கழிவுக்கு 5 கிலோ யூரியாவும் சிப்பிக் காளான் வித்தும் அடுக்கடுக்காகப் போட்டு ஈரமாக வைத்தால் விகிதம் 24-க்கு 1 அளவுக்கு இறங்கும், லிக்னின் 5 சதவீதத்துக்குக் கீழே வரும். லிக்னின் போய்விட்டால் மட்கு குறையுமே என்று பழைய பாடம் படித்தவர் கேட்பார். குறையாது. காளான் அதைத் தின்று தன் உடலாக்கிய பகுதிதான் களிமண்ணில் ஒட்டப்போகிறது. கடைக் கட்டியை வாங்கினால் இரண்டு மூன்று தடவை நல்ல தண்ணீரில் அலசுங்கள், உப்பு இருக்கும்.

மாட்டு எரு, மண்புழு உரம், மாநகராட்சி உரம்

தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டைத் தெருக்களில் இன்றும் மாடு வளர்க்கிறார்கள், மாதவரம் பக்கம் கேட்கவே வேண்டாம். மக்கிய மாட்டு எருவின் கார்பன்-நைட்ரஜன் விகிதம் 20-ஐ ஒட்டி இருக்கும். நுண்ணுயிர் உடனே வேலையைத் தொடங்கும். தொழுவத்தில் வைக்கோலும் மூத்திரமும் சேர்ந்து மக்கியது சாணி மட்டும் காய்ந்ததைவிட எவ்வளவோ மேல். கையில் எடுத்தால் சாணி வாடை போய் மழை நனைத்த மண் வாடை வர வேண்டும். பிளாஸ்டிக் துணுக்குகளைப் பொறுக்கிவிட்டுப் போடுங்கள்.

மண்புழு உரத்துக்கு அரசின் தர விதி குறைந்தது 18 சதவீத கார்பன் கேட்கிறது. கார்பனை 1.724-ஆல் பெருக்கினால் கரிமப் பொருள். 100 கிலோ மூட்டைக்கு 31 கிலோ. நகரக் கழிவு உரத்துக்கு விதி 12 சதவீதம். 100 கிலோவுக்கு 20 கிலோவை ஒட்டி வரும். இரண்டும் போட்ட பிறகு பெரும்பகுதி கரையத்தான் போகிறது என்பதால் 20 கிலோவை எட்டப் பல வருடம் ஆகும். விலை வித்தியாசத்தைப் பார்த்தால் நிலத்துக்கு மாட்டு எருவே போதும், மண்புழு உரத்தை நாற்றுக்கும் தொட்டிக்கும் வைத்துக்கொள்ளலாம் என்பேன்.

ஆனால் மண்புழுவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். தொட்டியில் வளரும் வெளிநாட்டுப் புழு மேலே கிடக்கும் சாணியை மட்டும் தின்னும். களிமண் அதன் வயிற்றுக்குள் போவதில்லை. நம் மண்ணில் தானாக வாழும் லாம்பிட்டோ போன்ற உள்ளூர்ப் புழு மண்ணையும் மக்கையும் சேர்த்து விழுங்கி, குடலில் பிசைந்து, உருண்டையாக வெளியே தள்ளுகிறது. களிமமும் கார்பனும் ஒட்டும் வேலையை அதைவிட நன்றாக யாரும் செய்ய முடியாது. சென்னை நியூ காலேஜில் பணியாற்றிய மண்ணியல் அறிஞர் சுல்தான் அகமது இஸ்மாயில் உள்ளூர்ப் புழுக்களைப் பல ஆண்டுகள் வலியுறுத்தி வந்ததில் நியாயம் இருக்கிறது. அவற்றை வாங்கி விட வேண்டியதில்லை. நிழலும் ஈரமும் மூடாக்கும் இருந்தால், பூச்சிமருந்து இல்லாவிட்டால், வரும்.

மாநகராட்சியின் நுண் உரக் கூடங்களில் வீட்டிலேயே தரம் பிரித்த ஈரக் கழிவிலிருந்து வரும் உரம் நல்லது, சலித்துப் போடுங்கள். குப்பைமேட்டைத் தோண்டிச் சலித்தெடுக்கும் கருப்பு மண் முற்றிலும் வேறு. பல பத்தாண்டுகள் பேட்டரியும் பெயின்டும் டியூப் லைட்டும் கலந்து கிடந்தது அது. நகரக் கழிவு உரத்தில் ஈயம் கிலோவுக்கு 100 மில்லிகிராம், காட்மியம் 5 மில்லிகிராம் தாண்டக் கூடாது என்று விதி இருக்கிறது. சோதனைச் சீட்டு இல்லாத கருமண்ணைக் கீரைப் பாத்தியில் கொட்டாதீர்கள், யார் சும்மா தந்தாலும். அனல் மின் நிலையத்துச் சாம்பலுக்கும் அதே எச்சரிக்கை. நிறம் கருத்துவிட்டால் மட்கு ஆகிவிடாது.

செங்குன்றம் அரிசி ஆலைகளின் கருகிய உமி நடுத்தரமான ஒரு தேர்வு. கருப்பாக, முழுதும் எரியாமல் இருந்தால் அதில் உள்ள கரி மிக நீண்ட காலம் நிற்கும், நாளடைவில் அதன் மேலும் கார்பாக்சில் தொகுதிகள் வளர்ந்து சத்தைப் பிடிக்கும். வெள்ளைச் சாம்பலாகிவிட்டால் மிஞ்சியது சிலிக்காதான். மணலில் பத்தில் ஒரு பங்கு கருகிய உமி கலப்பது தவறில்லை, தனியாக அது மட்டும் போதாது.

வீட்டுக் கழிவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. எதை வாங்கினாலும் இதையும் செய்யுங்கள். வடசென்னைக்கு என்று ஒரு கூடுதல் வசதி உண்டு: காசிமேட்டு மீன் கழிவு. அதில் நைட்ரஜன் ஏராளம், விகிதம் 5-க்கு 1 பக்கம். நார்க்கழிவின் குறையும் மீன் கழிவின் குறையும் ஒன்றையொன்று தீர்க்கின்றன. மூடியுள்ள டிரம்மில் காய்ந்த இலை, நார்க்கழிவு நிறைய, மீன் கழிவு கொஞ்சம், நடுநடுவே மண். செதிலையும் குடலையும் நல்ல தண்ணீரில் ஒருமுறை அலசிவிட்டுப் போடுங்கள், உப்பு குறையும். ஒவ்வொரு முறையும் ஓர் அடிக்குக் காய்ந்ததை மேலே மூடினால் பக்கத்து வீட்டு அக்கா சண்டைக்கு வர மாட்டார்.

யாருக்கு எது?

கடலோர மணல் வைத்திருப்பவருக்கு: 100 சதுர அடிக்கு 60 முதல் 100 கிலோ களிமண். புழல், சோழவரம் பக்கம் அனுமதியோடு அள்ளிய ஏரி வண்டல் கிடைத்தால் அதுதான் முதல் தரம். இல்லாவிட்டால் கொசப்பேட்டையில் பொம்மை செய்பவர்களிடம் கேட்டுப் பாருங்கள். வர்ணம் பூசாத களிமண் பிள்ளையாரைக் கடலுக்குக் கொண்டுபோகாமல் தோட்டத்து வாளியில் கரைத்து அந்த நீரைப் பாத்தியில் ஊற்றுவதும் நல்ல வழி. களிமண்ணைக் கட்டியாகப் போட்டால் கட்டியாகவே கிடக்கும். காயவைத்துப் பொடித்து, எருக்குழியிலேயே அடுக்கடுக்காகத் தூவுங்கள். மக்கும்போதே ஒட்ட ஆரம்பித்துவிடும். தென் ஆஸ்திரேலியாவின் மணற்பாங்கான வயல்களில் களிமண்ணைப் பரப்பிக் கலப்பது பல பத்தாண்டுப் பழக்கம். அங்கே ஏக்கர் கணக்கில் செய்வதை நாம் பாத்தி அளவில் செய்கிறோம், அவ்வளவுதான். அதன் பிறகு மாட்டு எருவை ஒரேயடியாகக் கொட்டாமல் ஆடியில் பாதி, தையில் பாதி என்று பிரித்துப் போடுங்கள். ஐப்பசி மழை வரும்போது மண்ணை வெறுமையாக விடாதீர்கள்.

இடையில் ஒரு பருவம் பசுந்தாள் உரச் செடியான தக்கைப்பூண்டு விதைப்பதை நான் எந்த உரத்துக்கும் மேலாக வைப்பேன். உப்பையும் தாங்கும், நீர் தேங்கினாலும் தாங்கும். பூக்கும் சமயத்தில் அறுத்துத் தழையை மேலே பரப்பி, வேரை உள்ளேயே விட்டுவிடுங்கள். மேலே போடும் தழையைவிட வேர் வழியாக வரும் கார்பன்தான் மண்ணில் அதிகம் தங்குகிறது. வேர்க்கசிவு களிமத்துக்குப் பக்கத்திலேயே நுண்ணுயிரை வளர்க்கிறது. கத்திரி, வெண்டை முடிந்ததும் பிடுங்காமல் தரையோடு வெட்டுவதும் இதனால்தான்.

வியாசர்பாடி, கொடுங்கையூர், மாதவரம் பக்கம் களிமண் ஏற்கெனவே இருக்கிறது. அங்கே களிமண் வாங்குவது வீண் செலவு. பிரச்சினை கட்டட இடிபாடு. சிமெண்ட், சுண்ணாம்பு கலந்த மேட்டு மண்ணில் பி.ஹெச். 8-ஐத் தாண்டி இரும்பும் துத்தநாகமும் செடிக்கு எட்டாது. ஓர் அடிக்கு ஜல்லியைப் பொறுக்கிவிட்டு, வீட்டு உரமும் மாட்டு எருவும் தாராளமாகப் போட்டால் ஒட்டும் வேலையை மண்ணே பார்த்துக்கொள்ளும். மூன்று வகை நிலத்தில் செலவுக்கு ஏற்ற பலன் விரைவாகத் தெரிவது இங்கேதான். பட்டறை, தொழிற்சாலை ஓரத்து மண்ணாக இருந்தால் ஈயத்துக்கு ஒருமுறை சோதித்துவிடுங்கள். மட்கு ஈயத்தை இறுகப் பிடித்து வேருக்குப் போகாமல் குறைக்கும் என்பது உண்மை. மண்ணை அது தூய்மையாக்காது. அளவு கூடுதல் என்று தெரிந்தால் கீரையும் கிழங்கும் வேண்டாம்.

மாடிக்காரர் நிரந்தர மட்கைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. நார்க்கழிவு பாதி, எரு அல்லது மண்புழு உரம் கால், களி கலந்த செம்மண் கால். வருடம் ஒருமுறை அமிழ்ந்த அளவுக்கு மேலே நிரப்புங்கள். செம்மண்ணை விட்டுவிட்டு நார்க்கழிவும் உரமும் மட்டும் போடுபவர்களின் பையில்தான் சத்து தண்ணீரோடு வழிந்து போகிறது.

உப்புத் தண்ணீர்

எண்ணூர், மீஞ்சூர்ப் பக்கம் நிலத்தடி நீரில் கடல் நீர் ஏறியிருக்கிறது. இதை ஒப்பீட்டின் கடைசியில் வைத்தாலும் சில வீடுகளில் இதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கும். சோடியம் வந்து களிமத்திலிருந்து கால்சியத்தைத் தள்ளிவிடுகிறது. கால்சியம் போனால் மட்கைப் பிடித்திருந்த பாலம் போயிற்று. களிமம் சிதறுகிறது, மட்கு பழுப்பு நீராகக் கரைந்து இறங்குகிறது. பாத்தியில் தண்ணீர் தேங்கி, காய்ந்ததும் கருப்பாக ஒரு படலம் நின்றால் அதுதான் அறிகுறி. போர் தண்ணீர் கரித்தால் செடிக்கு மழைநீரையோ குழாய்த் தண்ணீரையோ சேர்த்து ஊற்றுங்கள், ஆர்.ஓ. கழிவு நீரைத் தோட்டத்துக்கு விடாதீர்கள். கால்சியம் உள்ள ஜிப்சம் போட்டு, பிறகு மழைக்காலத்தில் நன்றாக அலசவிட்டால் கால்சியம் திரும்ப இடம் பிடிக்கும். சோடியம் எவ்வளவு என்று சோதனையில் தெரிந்த பிறகே ஜிப்சத்தின் அளவை முடிவு செய்யுங்கள்.

சோதனைக்கு வேளாண் துறையின் மண் பரிசோதனை நிலையத்தில் கொடுக்கலாம். கரிமக் கார்பன் 0.5 சதவீதத்துக்குக் கீழே என்றால் குறைவு, 0.75-க்கு மேலே என்றால் அதிகம் என்று சீட்டில் வரும். பொதுவாகப் பின்பற்றுவது 1934-இல் வந்த வாக்லி-பிளாக் முறை. டைக்ரோமேட் கரைசல் எவ்வளவு செலவாகிறது என்று பார்த்துக் கார்பனைக் கணக்கிடுவது. உப்பு மண்ணில் குளோரைடும் டைக்ரோமேட்டைத் தின்னும், அதனால் கார்பன் உள்ளதைவிட அதிகமாகக் காட்டும். கடலோர மண் என்று மாதிரிப் பையிலேயே எழுதி, சில்வர் சல்பேட் சேர்த்துச் சோதிக்கச் சொல்லுங்கள். மேலே கிடக்கும் மூடாக்கை விலக்கி, அரையடி ஆழம் வரை நான்கைந்து இடத்தில் எடுத்துக் கலந்து கொடுங்கள். அடுத்த மாதிரி இரண்டு வருடம் கழித்து, அதே மாதத்தில், அதே ஆழத்தில், எரு போடுவதற்கு முன்னால்.